கேள்வி – பதில்: வளர்ந்த மகனோடு நெடுந்தூரக் கார்ப் பயணம்

தந்தையும் மகனும் காரில் நாட்டைக் குறுக்கே கடப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். நான்கு வரி போதவில்லை என்பதை அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் காட்டிவிட்டன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன். இரண்டு முறை என் மகனோடு இப்படிப் பயணம் போய் வந்தவன் என்பதால், சொந்த அனுபவமும் அங்கங்கே தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். 31 வயதான என் மகன், நாட்டின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை வரை சுமார் 4,800 கிலோமீட்டரைக் காரிலேயே கடக்கலாம் என்று அழைக்கிறான். இருவருக்கும் நன்றாக ஓட்டத் தெரியும். ஆறு நாள் போதும் என்பது அவன் கணக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொன்னால், வயதாகிவிட்டதால் தயங்குகிறார் என்று நினைத்துக்கொள்வானோ என்றிருக்கிறது. எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் தயக்கத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை, ஐயா. ஆறு நாள் என்ற கணக்கு 31 வயதுக்காரருக்கும் ஆகாது. 4,800-ஐ ஆறால் வகுத்தால் நாளொன்றுக்கு 800 கிலோமீட்டர் வருகிறது. சாலையோரப் பலகையில் 100 என்று எழுதியிருந்தாலும், எரிபொருள் போடுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்கு ஒதுங்குவது, ஊருக்குள் நுழைந்து வெளியேறுவது என்று கரையும் நேரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், காலையில் சாவியைத் திருகியது முதல் இரவு தங்கும் அறையின் கதவைத் திறப்பது வரையிலான சராசரி வேகம் மணிக்கு 70, 75 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆக, 800 கிலோமீட்டர் என்பது பதினொரு மணி நேரம். அப்படி ஒரு நாள் ஓட்டலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் ஓட்டலாம். நான்காம் நாள் காலையில் காரைப் பார்த்தாலே எரிச்சல் வரும், அந்த எரிச்சல் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் போய் விழும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அதிலேயே ஊறியவர்களுக்கே இந்த வரம்பு என்றால், விடுமுறைக்குப் போகும் நாம் அதைவிடக் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். "நாம் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாமே" என்று உங்கள் மகன் சொல்வார். ஓட்டும் சுமை பாதியாவது உண்மைதான். ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதே வெயிலில், அதே அதிர்வில், அதே நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கார் ஓடிக்கொண்டிருக்கையில் போடும் அரைத்தூக்கத்தை ஓய்வுக் கணக்கில் வைக்க முடியாது.

என் யோசனை, நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர். அப்படியானால் பத்து நாள் ஓட்டம். நடுவில் கார் சாவியையே தொடாத இரண்டு நாள். மொத்தம் பன்னிரண்டு. முதல் நாளுக்கு மட்டும் 350-க்கு மேல் வைக்காதீர்கள். சொன்ன நேரத்துக்குப் புறப்பட்ட முதல் நாளை நான் இதுவரை பார்த்ததில்லை. மகனுக்கு ஒன்பது நாள்தான் விடுப்பு என்றால், தினசரித் தூரத்தைக் கூட்டாமல் மொத்தத் தூரத்தைக் குறையுங்கள். சலிப்பூட்டும் ஒரு பகுதியை ரயிலிலோ விமானத்திலோ கடந்துவிட்டு, மீதியை வாடகைக் காரில் நிதானமாக ஓட்டலாம். "கரைக்குக் கரை காரிலேயே போனோம்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அடுத்தது, காலையில் கிளம்பும் நேரத்தை வைத்துத் திட்டம் போடாமல், மாலையில் போய்ச் சேரும் நேரத்தை வைத்துப் பின்னோக்கிப் போடுங்கள். மாலை ஐந்து மணிக்கு அறையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், புறப்பாடு, சாப்பாடு, ஓட்டுநர் மாற்றம் எல்லாம் தாமாகவே அமைந்துவிடும். நாடு அகலமானதாக இருந்தால் நேர மண்டலங்களையும் பாருங்கள்: கிழக்கே போகிறவர்களுக்கு ஒவ்வொரு மண்டலத்தைக் கடக்கும்போதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், மேற்கே போகிறவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். கிழக்கு நோக்கிய ஓட்டத்தில் காலை வெயிலும், மேற்கு நோக்கிய ஓட்டத்தில் மாலை வெயிலும் நேராகக் கண்ணில் குத்தும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வழியை மேப் சொல்லிவிடும். எந்த இடத்தில் நிற்பது, எதை விட்டுவிடுவது, மழை வந்தால் தொடர்வதா தங்குவதா என்பதை யார் சொல்வது? இதைத்தான் நீங்கள் இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். பத்து வயதில் அவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப்போனபோது எல்லா முடிவும் உங்களுடையதாக இருந்தது. இப்போது பாதி நேரம் ஸ்டீயரிங் அவர் கையில். ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், நிற்க விரும்பும் ஐந்து இடங்களை எழுதுங்கள். இருவர் தாளிலும் வரும் இடங்கள் உறுதி. மீதியில் ஆளுக்கு இரண்டு இடம், மற்றவர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டியவை. தங்குமிடங்களில் முதல் இரண்டு இரவையும் கடைசி இரவையும் மட்டும் முன்பதிவு செய்துவிட்டு நடுப்பகுதியைத் திறந்து விடலாம். விடுமுறைக் காலக் கூட்டத்தில் மட்டும் இது சரிப்படாது.

மறுத்துச் சொன்னால் மகன் என்ன நினைப்பானோ என்று தயங்குகிறீர்கள். சொல்லவே வேண்டாம். "எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே இருப்போம் என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடப்பா" என்று அந்தப் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். மூன்றாம் நாளின் கட்டத்தில் இரவு 9.30 என்று தன் கையாலேயே எழுதும்போது அவருக்கே விளங்கிவிடும்.

கேள்வி: என் மகன் கெட்டிக்கார ஓட்டுநர்தான், ஆனால் நெடுஞ்சாலையில் 120-க்குக் குறைந்து போகமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தால் சண்டை வருகிறது. பத்து நாள் பயணம் இப்படியே போய்விடுமோ?

பதில்: இந்தக் கேள்வியை எழுதியவர் தந்தையா தாயா என்று கடிதத்தில் இல்லை; யாராக இருந்தாலும் என் அனுதாபம் உண்டு. என் பக்கம் இல்லாத பிரேக்கை என் வலது கால் தரையோடு மிதித்துக்கொண்டே வந்ததில், முதல் பயணத்தின் இரண்டாம் நாள் முழங்கால் வீங்கியே போய்விட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 500 கிலோமீட்டரை 100-இல் ஓட்டினால் ஐந்து மணி நேரம். ஒரு நொடிகூட வேகம் குறையாமல் 120-இல் ஓட்டினால் நான்கு மணி பத்து நிமிடம். மிச்சம் 50 நிமிடம். அதுவும் தாளில்தான், சாலையில் அதில் பாதி கிடைத்தால் அதிகம். காற்று காரைத் தடுக்கும் விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 100-இலிருந்து 120-க்குப் போகும்போது அந்தத் தடை 44 சதவீதம் கூடுகிறது. கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் மோசம். எரிபொருள் முள் இறங்குவதை அவரே பார்க்கட்டும். வேகத்தைப் பற்றிய புத்திமதியை விட இந்தக் கணக்கு இளைஞர்களிடம் நன்றாக எடுபடுகிறது.

அதன் பிறகு ஓர் ஒப்பந்தம். ஸ்டீயரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் ஓட்டும் விதத்தைப் பற்றி மற்றவர் மூன்று சமயங்களில் மட்டுமே பேசலாம்: அவர் கண்ணில் படாத ஆபத்து ஒன்று தெரிந்தால், சட்டம் அனுமதித்த வேகத்தைத் தாண்டினால், தூக்கம் வருவதுபோல் தோன்றினால். முந்துவது, தடம் மாறுவது, ஏசியை எவ்வளவு வைப்பது, எந்தப் பாட்டைப் போடுவது எல்லாம் ஓட்டுபவர் விருப்பம். பக்கத்தில் இருப்பவருக்கு வேலை வேண்டும் என்பதால், மேப், தொலைபேசி, அடுத்த நிறுத்தம் மூன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் ஓயும்.

மூன்றாவதாகச் சொன்ன தூக்கத்தில் மட்டும் சமரசமே கூடாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஈடாக இருப்பதாக 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டச் சட்டம் விதித்திருக்கும் எல்லையே அந்த 0.05 தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அசந்தால், கார் 111 மீட்டர் தானாக ஓடியிருக்கும். பின்னிரவு இரண்டு முதல் ஆறு வரையிலும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையிலும் உடல் தானாகவே தூக்கத்தைத் தேடும். நேர்கோட்டுச் சாலை இதற்கு இன்னும் தோதானது: ஆஸ்திரேலியாவின் ஏர் நெடுஞ்சாலையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. கை அசைய வேலையில்லாத அப்படிப்பட்ட இடத்தில்தான் இமை கனக்கும். கடந்த இரண்டு, மூன்று கிலோமீட்டரில் என்ன பார்த்தோம் என்பது நினைவில் இல்லையென்றால், அதுவே நிறுத்த வேண்டிய அடையாளம். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவா. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு, உடனே பதினைந்து, இருபது நிமிடம் தூங்குங்கள். காபியின் வேலை தொடங்க ஏறக்குறைய அரை மணி ஆகும் என்பதால், விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். "தூக்கம் வருகிறதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், மற்றவர் வாதம் செய்யாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் 58 வயதான தாய். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மகனோடு இரண்டு வாரக் கார்ப் பயணம் போக ஆசை. பாதி தூரம் நானே ஓட்டவும் செய்வேன். "இந்த வயதில், இந்த உடம்போடு, ஒரு பெண் அவ்வளவு தூரம் ஓட்டுவதா" என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். போகலாமா?

பதில்: சிரிப்பவர்களிடம் ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள், அம்மா. உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனவர் ஒரு தாய். உடன் போனவர்கள் அவருடைய மகன்கள். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், அவரிடம் சொல்லாமலேயே, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்து வாங்கினார். மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அதனாலேயே வண்டிக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று ஊர் திரும்பியதும் கணவரிடம் சொன்னார். உங்கள் வண்டியை யாரும் தள்ள வேண்டியிருக்காது.

ஆனால் இன்சுலின் விஷயத்தைச் சிரித்துக் கடக்க முடியாது. புறப்படும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, ஓட்டுவதற்குத் தடையில்லை என்பதையும், உங்கள் ஊரின் ஓட்டுநர் உரிமச் சட்டம் இதுபற்றி என்ன கேட்கிறது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு கார் ஓட்டுபவர்களுக்குப் பிரிட்டனில் உள்ள விதிமுறை, யாரும் எங்கும் பின்பற்றத் தக்கது. ஸ்டீயரிங்கில் உட்காரும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டலாம். 72-க்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கையில் தலைசுற்றலோ வியர்வையோ நடுக்கமோ தெரிந்தால், வண்டியை ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் கழித்தே மறுபடி ஓட்ட வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். டிக்கியில் இருக்கும் குளுக்கோஸால் ஒரு பயனும் இல்லை.

மருந்து வெப்பத்துக்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் என்பதால், சாப்பிட இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்சுலின் பை உங்கள் தோளோடு இறங்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் பனிக்கட்டியோடு ஒட்டவைக்காதீர்கள்; உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது. கால்களையும் கவனியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் நகராமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. விமானம், பேருந்து, கார் எதுவானாலும் இது பொருந்தும். இரண்டு மணிக்கொருமுறை இறங்கிச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, காரைச் சுற்றி ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு காரியமும் முடிந்துவிடும். மகனுக்கும் அந்த நடை நல்லதுதான்.

கேள்வி: செலவை யார் செய்வது? நான் கொடுக்க வந்தால் மகன் கோபிக்கிறான். அவன் கொடுத்தால் எனக்கு உறுத்துகிறது.

பதில்: ஒரு பொதுப் பை. புறப்படும் நாளில் இருவரும் சமமாகப் போடுங்கள். எரிபொருள், அறை, சாப்பாடு மூன்றும் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி சமமாக. பொருள் வாங்குவது அவரவர் பணத்தில். கல்லாவில் நின்று பர்ஸை இழுபறி செய்வது முதல் நாள் பார்க்க அழகாக இருக்கும், ஐந்தாம் நாள் இருக்காது.

கேள்வி: புறப்படும் முன் காரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? மெக்கானிக்கிடம் ஒருமுறை கொடுத்து வாங்கினால் போதாதா?

பதில்: கொடுக்க வேண்டியதுதான், ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுங்கள். பார்த்து வாங்கிய பிறகு சில நாள் ஊருக்குள் ஓட்டினால்தான், விட்டுப்போனது எது என்று தெரியும். எண்ணெய், கூலன்ட், பிரேக், பேட்டரி எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். டயரை மட்டும் நீங்கள் குனிந்து பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். காற்றழுத்தத்தை, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் இருக்கலாம். நீங்கள் போவது முழுச் சுமையோடு. வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பதால், வெயில் பிரதேசத்தில் புறப்பட்டுக் குளிர்ப் பிரதேசத்துக்குள் நுழைகிறவர்கள் வழியில் மறுபடியும் அளக்க வேண்டும். டிக்கி நிறையச் சுமை ஏற்றினால் வண்டியின் மூக்கு மேலெழும்பி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அதைத் தாழ்த்தும் திருகு பல கார்களில் இருக்கிறது, பலர் அதைத் தொட்டதே இல்லை.

பிறகு ஸ்டெப்னி. (வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி என்ற தெருவில் 1904 வாக்கில் இருவர் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தால் வந்த பெயர் இது. அந்தச் சொல்லைப் பிறந்த நாட்டிலேயே மறந்துவிட்டார்கள். நாம் விடாமல் வைத்திருக்கிறோம்.) ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதில் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அடுத்த டயர் கடை வரைக்கும்தான் அது.

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு காரியம் செய்யுங்கள்: வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எங்கள் இரண்டாம் பயணத்தின் மூன்றாம் நாள், மாலை நாலரை மணிக்குப் பஞ்சர். டிக்கியிலிருந்த பெட்டி எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கி அடுக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தோம். மகன் வீல் ஸ்பேனரைப் போட்டு நான்கு நட்டுகளைத் தளர்த்திவிட்டான். ஐந்தாவது நட்டு மட்டும் மற்றவற்றைப்போல் ஆறு பக்கமாக இல்லாமல் உருண்டையாக, முகத்தில் பூப்போல ஏதோ வெட்டி வைத்தது மாதிரி இருந்தது. "அப்பா, சாவி எங்கே?" என்றான். "எந்தச் சாவி?" என்றேன். சக்கரத் திருட்டைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பூட்டு நட்டு இருப்பதும், விரல் நீளத்தில் அதற்கென்றே ஓர் இரும்புத் துண்டு உண்டு என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. போன மாதம் டயர் மாற்றிய கடையில் அதை எடுத்தவர்கள் திருப்பி வைக்கவில்லை. மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். அந்தத் துண்டு உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள்.

கேள்வி: நான் மகன், என் தந்தைக்கு 67 வயது. பகலில் அருமையாக ஓட்டுகிறார். இருட்டிய பிறகு எதிர் வெளிச்சத்தில் தடுமாறுவது தெரிகிறது. ஆனால் "எனக்கு நாற்பது வருட அனுபவம்" என்கிறார். பயணத்தில் இரவு அவரை ஓட்ட விடாமல் எப்படித் தடுப்பது?

பதில்: தம்பி, உங்கள் தந்தையின் அனுபவத்தில் ஒரு குறையும் இல்லை, குறை கண்மணியில் இருக்கிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, விழிவில்லையும் மங்குவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எதிர் ஹெட்லைட்டில் கூசிய கண் பழைய நிலைக்கு வரவும் கூடுதல் நேரம் பிடிக்கும். புரை விழத் தொடங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். பயணத்துக்கு முன் இருவருமாகக் கண் மருத்துவரிடம் போங்கள். உங்கள் கண்ணையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டால் அவருக்கு அது உறுத்தாது.

வழியில் தடுக்க வேண்டிய நிலையே வராதபடி அட்டவணையைப் போடுங்கள். மேலே முதல் கேள்விக்குச் சொன்னதுபோல் ஐந்து மணிக்கு அறையில் இருந்தால், இரவு யார் ஓட்டுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகான முதல் இரண்டு மணி நேரம் அவருடையது. கண்ணும் மனமும் தெளிவாக இருக்கும் நேரம் அது. கிழக்கு நோக்கிப் போகிறீர்கள் என்றால் மட்டும், சூரியன் சற்று மேலேறும் வரை நீங்கள் ஓட்டிவிட்டு, ஒன்பது மணிக்குமேல் அவரிடம் கொடுங்கள். ஏதோ தாமதமாகி இருட்டிவிட்டால், "இப்போது என் முறை, அப்பா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். கண்ணைப் பற்றிய பேச்சு வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இருக்கையையும் மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யாமல் அவரைக் கிளம்ப விடாதீர்கள். உயரம் குறைந்தவர்கள் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காரும் பழக்கம் உண்டு, ஏர்பேக் உள்ள காரில் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் என் மகனுக்கும் சண்டை எதுவும் கிடையாது, பேச்சும் கிடையாது. தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினாலே அதிகம். பன்னிரண்டு நாள் ஒரே காருக்குள் என்ன பேசுவது?

பதில்: பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கார் இதற்கு வசதியான இடம். இருவர் கண்ணும் சாலையில் இருப்பதால், முகம் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் இல்லை, நடுவில் நிறுத்திவிட்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. திருமணம், வேலை, சம்பளம் மூன்றையும் நீங்களாக எடுக்காதீர்கள். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்ததை நூறாம் முறையாகச் சொல்லாமல், அவர் பிறப்பதற்கு முன்னால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் தெரியாது. அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால் உடனே யோசனை சொல்லக் கிளம்பிவிட வேண்டாம். சாலையோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரத்தில், ஒரு வருடத்துக்கு முன்னால் தன் வேலை போனதையும், புது வேலை கிடைக்கும்வரை அதை வீட்டில் சொல்லாமல் இருந்ததையும் என் மகன் சொன்னான். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவ்வளவுதான் செய்யத் தோன்றியது. பிறகு மீட்பு வண்டி வந்துவிட்டது.

கேள்வி: மகன் வேறு நாட்டில் இருக்கிறான். அங்கே வாடகைக் கார் எடுத்து இருவரும் ஓட்டுவதாக ஏற்பாடு. போன வழியே திரும்பி ஓட்டி வர எனக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். திரும்பி வரும் நாட்களின் வாடகை, எரிபொருள், அறைச் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் விட்டுவிட்டு விமானத்தில் வருவதுதான் கட்டும். ஒப்பந்தத்தில் இரண்டாம் ஓட்டுநராக உங்கள் பெயர் இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். சில நிறுவனங்கள் வயதுக்கு மேல்வரம்பும் வைத்திருக்கின்றன, முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவைப்படலாம். அதை, உரிமம் வழங்கிய உங்கள் நாட்டிலேயே, புறப்படும் முன் வாங்க வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவது ஓராண்டுக்கும், 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தரப்படுவது அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கும் செல்லும். போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே என்பதால் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். காரை எடுக்கும்போது நான்கு பக்கமும், டயர்களையும், எரிபொருள் முள்ளையும் படம் எடுத்துவிட்டு, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், அந்தப் பூட்டு நட்டின் சாவி நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.